ஃபால்கன் 9 மனிதர்களோடு கிளம்பும் நேரலையைப் பார்ப்பது எப்படி

ஃபால்கன் 9 ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ராக்கெட். அதன் உச்சியில் இருக்கும் டிராகன் விண்கலத்தில்தான் வீரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பத்து விநாடிக்கு மட்டும் நேரலையைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரம் முன்பே உட்காருங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

புறப்பட நாற்பது நிமிடம் இருக்கையில், வீரர்கள் நடந்து வந்த பாலம் விண்கலத்தை விட்டு மெல்ல விலகும். அடுத்து, ஆபத்து நேர்ந்தால் டிராகன் விண்கலத்தை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கும் எட்டு சூப்பர் டிராகோ என்ஜின்கள் தயார்நிலைக்கு வரும். அதன் பிறகே, 35 நிமிடம் மிச்சமிருக்கும்போது, மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் ஏறத் தொடங்கும். இந்த வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். நாசாவின் பழைய விண்கலமான ஸ்பேஸ் ஷட்டில் காலத்தில் தொட்டியை நிரப்பிய பிறகுதான் ஆட்கள் ஏறினார்கள். இங்கே ஆக்சிஜனை வழக்கத்தைவிட அதிகமாகக் குளிர்வித்து ஊற்றுகிறார்கள். சீக்கிரம் ஊற்றினால் சூடேறிவிடும். அதனால் ஆட்கள் முதலில், எரிபொருள் பிறகு. தப்பிக்கும் வழி இரண்டுக்கும் நடுவில்.

நிரப்பும் நேரத்தில் பூஸ்டரின், அதாவது ராக்கெட்டின் கீழ்ப்பகுதியான முதல் கட்டத்தின், நிறத்தைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் அது ஏற்கெனவே போய்வந்தது. என்ஜின்களை எரித்தபடி இறங்கும்போது தன் புகைக்குள்ளேயே புகுந்து வருவதால் படிந்த கரி அது. பறந்து திரும்பிய ஃபால்கன் பூஸ்டரில் மனிதர்கள் முதன்முதலாக ஏறியது 2021 ஏப்ரலில், க்ரூ-2 பயணத்தில். அந்த வீரர்கள் பூஸ்டரின் கரியில் விரலால் தங்கள் பெயரின் முதலெழுத்துகளை எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. பழையதில் ஏறுகிறோமே என்ற கலக்கம் இருந்தால் அப்படி எழுதத் தோன்றியிருக்குமா?

பயணம் தள்ளிப்போனால் வருந்தாதீர்கள். விண்வெளி நிலையத்தின் பாதையோடு பொருந்த வேண்டியிருப்பதால், குறித்த நொடி தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான். டிராகன் முதன்முதலாக மனிதர்களோடு கிளம்பவிருந்த 2020 மே 27 அன்று, சுமார் 17 நிமிடம் இருக்கும்போது வானிலை காரணமாக நிறுத்தினார்கள். அன்று நான் தூக்கமின்றிக் கிடந்தேன். மே 30 அன்று வீரர்கள் பெங்கனும் ஹர்லியும் பத்திரமாகக் கிளம்பினார்கள்.

கிளம்பியதும் நிறுத்துகடிகாரத்தை அழுத்துங்கள். ஒரு நிமிடத்தில் ராக்கெட்டின் மீது காற்று மோதும் அழுத்தம் உச்சம் தொடும். ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முதல் கட்டம் கழன்றுவிடும். அதன் பிறகு திரையில் இரண்டு கதைகள் ஓடும்: பூஸ்டர் கீழே இறங்குவது ஒன்று, இரண்டாம் கட்டம் வீரர்களை மேலே கொண்டுபோவது இன்னொன்று. ஒன்பதாவது நிமிடத்தை ஒட்டி இரண்டின் உச்சமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும். பூஸ்டர் கரைக்குத் திரும்புவதானால் சற்று முன்னால் இறங்கும். கடலில் நிற்கும் கப்பலுக்குப் போவதானால் சற்றுப் பின்னால். எதுவானாலும் உங்கள் கண் இரண்டாம் கட்டத்தின் வேக எண்ணில் இருக்கட்டும். அது மணிக்கு 27,000 கிலோமீட்டரை நெருங்கி, என்ஜின் அணையும் நொடியில்தான் வீரர்கள் சுற்றுப்பாதையை அடைகிறார்கள். முதல் தடவை நான் பூஸ்டரின் கால்கள் விரிவதில் லயித்து அந்த நொடியைத் தவறவிட்டேன். இன்றும் மனதில் உறுத்துகிறது.

கப்பலின் படம் பாதியில் உறைந்தால் பதற வேண்டாம். இறங்கும் என்ஜினின் அதிர்வில் ஆன்டெனா செயற்கைக்கோளின் தொடர்பை இழப்பதுண்டு.

பன்னிரண்டாவது நிமிடம் வரை எழுந்திருக்காதீர்கள். எடையின்மையைக் காட்ட வீரர்கள் கொண்டுபோன ஒரு சின்னப் பொம்மை இருக்கைகளுக்கு நடுவே மிதக்கும். டிராகன் இரண்டாம் கட்டத்தை விட்டுப் பிரிந்து, சத்தமே இல்லாமல் தள்ளிப் போகும்.