வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால்

பல் டாக்டரிடம் அவசரமாக ஓடுகிறவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது." இருந்திருக்காது. பல்லின் மேல்பூச்சான எனாமலுக்கு நரம்பு கிடையாது. அதில் சொத்தை விழும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்கைத் தொட்டால் கூச்சம். அதையும் தாண்டி நரம்பிருக்கும் நடுப்பகுதிக்குப் போனால்தான் தூக்கம் கெடும். சொத்தைக் குழியை அடைக்கிற சின்ன வேலையோடு முடிந்திருக்க வேண்டியது அப்போது வேர் சிகிச்சை (ரூட் கெனால்) வரை போய்விடும். வலி தானாக நின்றுபோனால் சந்தோஷப்படவும் வேண்டாம். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம்.

ஈறு நோய் இதைவிட அமைதியானது. பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. அது காட்டும் அடையாளம், துப்பும் நுரையில் தெரியும் இளஞ்சிவப்பு. அதைப் பார்த்ததும் பயந்து அந்த இடத்தைப் பிரஷ் படாமல் விட்டுவிடுகிறோம். நடக்க வேண்டியது நேர் எதிர். ஈறோரம் தேங்கிய அழுக்குப் படலத்தால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. தேய்க்காமல் விட்டால் படலம் இன்னும் தடிக்கும். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து மெதுவாகத் தேய்த்து, பல்லிடுக்கையும் தினமும் ஒருமுறை சுத்தம் செய்தால், ஆரம்ப நிலையில் இருக்கும் கசிவு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். புகைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடச் சரியாகக் கிடைக்காது: ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் குறைவாகத்தான் வரும்.

அந்தப் படலம் இறுகிக் காரையாகிவிட்டால் எந்தப் பிரஷ்ஷும் அதை அசைக்காது, பல் டாக்டரிடம் செய்துகொள்ளும் கிளீனிங்தான் வழி. அதைச் செய்தால் பல் ஆடும் என்று ஒரு பயம். எனக்கும் இருந்தது. செய்துகொண்ட அன்று கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் நாக்கு போய்ப் போய்த் தடவியது; அங்கங்கே சந்து, கூடவே கொஞ்சம் கூச்சம். எதையோ சுரண்டி எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அந்தச் சந்தை அதுவரை காரைதான் அடைத்துக்கொண்டிருந்தது, கூச்சமும் சில நாளில் போய்விட்டது. ஏற்கெனவே எலும்பு கரைந்து தளர்ந்த பல்லைக் காரை இறுக்கிப் பிடித்திருந்தால், அது போனதும் ஆட்டம் வெளியே தெரியும். பழி கிளீனிங் மேல் விழும்.

பாத்திரம் துலக்குகிற வேகத்தில் பல்லைத் தேய்ப்பதும் வேண்டாம். ஈறு மேலேறி வேர் தெரியும், எனாமலும் தேயும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. காலையில் ஒன்று, படுக்கும்முன் ஒன்று என்று இரண்டு இரண்டு நிமிடம் போதும். தூங்கும்போது பல்லைக் காக்கும் எச்சில் குறைவாகச் சுரப்பதால் ராத்திரித் தேய்ப்பைத்தான் விடவே கூடாது. முடித்ததும் நுரையைத் துப்பினால் சரி. வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பேஸ்ட்டில் இருக்கும், சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். புளிப்பானது எதையாவது குடித்த கையோடு பிரஷ்ஷை எடுக்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும்.

இனிப்பில் அளவைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். ஒவ்வொரு முறையும் கிருமிகள் அமிலம் சுரக்கும், அதை எச்சில் சமன்செய்ய அரை மணி நேரம்போல ஆகும். ஒரே இனிப்புப் பானத்தை மேசையில் வைத்து மதியம் முழுக்க உறிஞ்சினால் எச்சிலுக்கு அவகாசமே இல்லை.

கடைசியாக, குழந்தைகள். "பால் பல்தானே, விழத்தானே போகிறது" என்று விட்டுவிடும் பல்லில் சில நேரம் விழாத பல்லும் இருக்கும். 6 வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அந்த வயதுக் குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்லி நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்து வரை பால் பல் வரிசை, ஆறாவது தெரிந்தால் அதுதான்.