அரசலாற்றங்கரையில் குழந்தைகள் டிரையத்லான்: ஒரு வார இறுதியைத் திட்டமிடும் முறை

எங்கள் குடும்பத்தில் ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை ஏழு குழந்தைகள் இருக்கிறார்கள். சென்னை, கோவை, திருச்சி என்று பிரிந்து வாழும் அவர்கள் கும்பகோணத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊருக்கு வந்தால், முதல் அரை மணி நேரம் தென்னந்தோப்பைச் சுற்றிவிட்டு, மீதி இரண்டு நாளும் ஆளுக்கொரு கைபேசியோடு திண்ணையில் அமர்ந்துவிடுவது வழக்கமாக இருந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றித் தொடர்ந்து செய்யும் டிரையத்லானைக் குழந்தைகளின் அளவுக்குச் சுருக்கி நடத்தலாம் என்ற எண்ணம் அப்படித்தான் தோன்றியது. முதல் ஆண்டு பாதியில் குழம்பியது. இரண்டாம் ஆண்டு ஒழுங்காக நடந்தது. அந்த இரண்டுக்கும் இடையே கற்றதை இங்கே எழுதுகிறேன். நீந்தக் கற்பிப்பதைப் பற்றியும் சைக்கிள் ஓட்டக் கற்பிப்பதைப் பற்றியும் இதில் எதுவும் இல்லை. அவை தெரிந்த குழந்தைகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

டெல்டாவில் நாள் குறிப்பதற்கு நாட்காட்டி மட்டும் போதாது, வயலையும் ஆற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் சம்பா அறுவடை நடப்பதால், கரைச்சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், மறுபாதியில் அறுவடை இயந்திரம் வரும். ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டுவிடும். ஆகவே பிப்ரவரி இறுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரையிலான ஏதேனும் ஒரு ஞாயிறே என் தேர்வு. அப்போதும் நெல்லறுத்த வயலில் விதைத்த உளுந்தும் பயறும் முற்றத் தொடங்கினால், செடிகளைப் பிடுங்கிச் சாலையில் பரப்பிவிடுவார்கள். அதன்மேல் கார் ஏறலாம். குழந்தையின் சைக்கிள் ஏறினால் சக்கரம் வழுக்கும். அது அவர்களின் ஆண்டு உழைப்பு என்பதால், சாலையை ஒதுக்கித் தரும்படி அவர்களைக் கேட்பதும் முறையல்ல. நம் பாதையை மாற்றிக்கொள்வதுதான் சரி.

படி 2: நீச்சலுக்கான இடம்

நான் சிறுவயதில் அரசலாற்றில் நீந்திக் கற்றவன். அதனால் முதலில் ஆற்றையே நினைத்தேன். தயவுசெய்து அந்த ஆசையை விட்டுவிடுங்கள். வழக்கமான ஆண்டில் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும். திறந்திருக்கும் மாதங்களில் மேலே எந்த மதகை எப்போது கூடுதலாகத் தூக்குவார்கள் என்பது கீழே குளிப்பவருக்குத் தெரியாது. மணல் அள்ளிய இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர் ஒரே அடியில் ஆளுயரத்துக்கு ஆழமாகிவிடும், மேலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. அணை மூடியபின் ஆற்றில் நீந்தும் அளவுக்குத் தண்ணீரும் இராது. கோயில் குளங்களோ படியும் பாசியுமாக இருப்பவை. நீராடுவதற்கானவை, போட்டிக்கானவை அல்ல.

நீச்சல்குளம் உள்ள ஒரு தங்கும் விடுதியை எடுத்துக்கொள்வதே வழி. முன்பதிவுக்கு முன் நான் கேட்கும் கேள்விகள் இரண்டுதான்: குளத்தின் ஆழமில்லாத பகுதி எத்தனை அடி, காலை ஆறரை மணிக்குக் குளத்தைத் திறந்து தருவார்களா. அறை எப்படி இருக்கிறது என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

படி 3: தூரங்களைக் குறித்தல்

2000ஆம் ஆண்டு சிட்னியில் டிரையத்லான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது அதன் தூரங்கள் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். குழந்தைகளுக்கு அந்த விகிதத்தைக்கூடப் பின்பற்ற வேண்டியதில்லை, வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. களைத்த உடலோடு தண்ணீரில் இறங்குவது ஆபத்து என்பதால் நீச்சல் முதலில் வருகிறது. களைத்தவன் விழுந்தாலும் அதிகம் அடிபடாத ஓட்டம் கடைசியில் வருகிறது.

நாங்கள் வைத்துக்கொண்ட அளவு இது. ஆறு, ஏழு வயதினருக்கு 30 மீட்டர் நீச்சல், 1 கி.மீ. சைக்கிள், 300 மீட்டர் ஓட்டம். எட்டு முதல் பத்து வயதினருக்கு 90 மீட்டர், 2.5 கி.மீ., 750 மீட்டர். பதினொன்று முதல் பதின்மூன்று வயதினருக்கு 150 மீட்டர், 5 கி.மீ., 1.5 கி.மீ.

விடுதிக் குளத்தின் நீளத்தை அவர்கள் சொல்வதை நம்பாமல் கயிறு போட்டு அளந்துவிடுங்கள். எங்களுடையது 15 மீட்டர். முதல் ஆண்டு நடுப்பிரிவினருக்கு ஐந்து நீளம் என்று வைத்தேன். ஒற்றைப்படை எண் என்பதால் அவர்கள் நீந்தி முடித்த கரை ஒருபுறமும் சைக்கிள்கள் நின்ற கரை மறுபுறமுமாக அமைந்துவிட, குளத்தைச் சுற்றி வழுக்கும் தளத்தில் ஈரக் காலோடு ஓடினார்கள். இப்போது எல்லாப் பிரிவுக்கும் இரட்டைப்படை நீளம்தான்.

சாலைத் தூரத்தைக் கைபேசிச் செயலியால் அளக்கலாம், ஆனால் தென்னந்தோப்புக்குள் அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கைக் காட்டியது. எனக்குப் பிடித்த முறை பழையது: 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர், டயரில் ஒரு நாடாவைக் கட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து, நாடா மேலே வருவதை எண்ணினால் 156 சுற்றுக்கு 250 மீட்டர். எண்ணும் வேலையைக் குழந்தைகளிடமே கொடுத்தால் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் தானாகக் கழியும்.

படி 4: சைக்கிளும் பாதையும்

கியர் வண்டி தேவையே இல்லை. டெல்டாவில் மேடு என்று சொல்வதற்கு ஆற்றுப்பாலத்தின் ஏற்றம் ஒன்றுதான் உண்டு. கியர் வண்டியோடு வந்த என் அக்கா மகன் போட்டியின் பாதி நேரத்தைக் கழன்ற செயினை மாட்டுவதில் செலவிட்டான். சீட்டில் அமர்ந்தபடி இரு கால்களின் நுனியும் தரையைத் தொடும் உயரத்தில் உள்ள சாதாரண வண்டி போதும்.

இங்கே உண்மையான எதிரி சீமைக்கருவேல முள். ஆற்றங்கரைச் சாலையில் அது எங்கும் கிடக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பஞ்சர் கடை திறந்திருக்காது. ஒட்டுப் போடும் பெட்டியைவிட ஒவ்வொரு அளவிலும் ஒரு மாற்று டியூப் எடுத்துச் செல்வதை நான் விரும்புகிறேன். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே விரிப்பாக வைத்துத் தரும்படி கடைக்காரரிடம் முன்பே கேட்டுக்கொண்டால் வண்டி சற்றுக் கனக்கும், ஆனால் பெரும்பாலான முள் உள்ளே போகாது.

சிறியவர்கள் தோப்புக்குள் 250 மீட்டர் வட்டத்தில் மட்டும் ஓட்டட்டும். பெரிய பிள்ளைகளுக்குக் கரைச்சாலையில் போய்த் திரும்பும் நேர்ப்பாதையைக் கொடுத்து, ஒவ்வொரு பிரிவுச்சாலையிலும் ஒரு பெரியவரை விசிலுடன் நிறுத்துங்கள். பேருந்துத் தடத்தை எந்த இடத்திலும் கடக்க வேண்டியிராத பாதையாகத் தேர்ந்தெடுங்கள். ஊராட்சித் தலைவரிடம் முதல் நாளே சொல்லிவைத்தோம், ட்ராக்டர் வைத்திருப்பவர்களிடம் அவரே தெரிவித்துவிட்டார்.

படி 5: மாறுமிடம்

நாங்கள் தடுமாறியது இங்கேதான், அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தை நான் முதல் ஆண்டு ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. சனிக்கிழமை மாலை குழந்தைகளை மூன்று முறை ஒத்திகை பார்க்கவைத்தேன். எல்லோரும் அரை நிமிடத்தில் செருப்பைக் கழற்றி, ஷூ மாட்டி, ஹெல்மெட் அணிந்து கிளம்பினார்கள். மறுநாள் தண்ணீரிலிருந்து ஏறி வந்த என் மகள், ஈர உடம்பில் டி-சர்ட்டை மாட்டினாள். அது தோளுக்கு வருமுன் கயிறுபோலச் சுருண்டு அக்குளில் இறுகிவிட்டது. கழற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. நான்கு நிமிடம் போராடி அழுதுவிட்டாள். பக்கத்தில் அவளுடைய சித்தப்பா மகன் ஈரக் காலைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்தான். ஒத்திகை முழுவதையும் உலர்ந்த உடம்போடு நடத்தியதுதான் என் பிழை.

இப்போது செய்வது பின்வருமாறு. நீச்சலுக்கே உடம்போடு ஒட்டிய கையில்லா மேலுடையையும் முழங்கால் வரையிலான நீச்சல் கால்சட்டையையும் அணிவித்துவிடுகிறோம், அதே உடையில் கடைசிவரை ஓடலாம். சாக்ஸ் கிடையாது, ஷூவுக்குள் முகப்பவுடர் தூவி வைக்கிறோம். ஷூ நாடாக்களை உருவிவிட்டு, தையல் கடையில் கிடைக்கும் பாவாடை எலாஸ்டிக்கைக் கோத்து முடிந்துவிட்டால், முடிச்சுப் போடும் வேலை இல்லாமல் கால் நேரே உள்ளே போகும். இதற்கென்றே விற்கும் நாடாக்களை இணையத்தில் வாங்கியும் பார்த்தேன். குழந்தைகளின் ஷூவுக்கு அவை நீளம், எலாஸ்டிக்தான் மேல். எண் அட்டையையும் சட்டையில் ஊக்கால் குத்தாமல் இடுப்பு எலாஸ்டிக்கில் கட்டிவிடலாம்.

வண்டிகளை நிறுத்தப் புல்தரையில் ஸ்டாண்டு உதவாது. ஈர மண்ணில் அது இறங்கி, ஒரு வண்டி சாய்ந்தால் வரிசையே சாயும். பந்தல்காரரிடம் இரண்டு சவுக்குக் கழிகளை வாங்கி, நாற்காலிகளின் முதுகில் குறுக்கே கட்டி, சீட்டின் முன்மூக்கைக் கழியில் மாட்டித் தொங்கவிட்டோம். ஒவ்வொரு வண்டிக்கும் கீழே ஒரு துண்டு, துண்டின் மேல் வாய் விரித்த ஷூ, கைப்பிடியில் கவிழ்த்து வைத்த ஹெல்மெட், அதன் வார்கள் இருபுறமும் வெளியே தொங்கியபடி. குளத்திலிருந்து துண்டு வரையிலான பாதையை முதல் நாளே பெருக்கிவிடுங்கள். வெறுங்காலில் நெருஞ்சி முள் ஏறினால் அந்தக் குழந்தைக்குப் போட்டி அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டு விதிகளில் மட்டும் எந்தத் தளர்வும் இல்லை, பெரியவர்களின் போட்டியிலும் இவை உண்டு. ஹெல்மெட்டின் கொக்கி பூட்டிய பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும்; வண்டியைத் திரும்ப மாட்டிய பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். மாறுமிடத்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்; ஏறவும் இறங்கவும் தனிக் கோடு உண்டு. அந்தக் கோட்டை என் அப்பாயி கோலமாவால் போட்டார்கள். நேர்க்கோடு மட்டும் போட மனம் வராமல் இருமுனையிலும் ஒரு தாமரையையும் வைத்துவிட்டார்கள். குழந்தைகள் அதை மிதிக்காமல் தாண்டிக் குதித்ததில் ஏறுகோடு தானாக மதிக்கப்பட்டது.

ஒத்திகை குறைந்தது ஒருமுறையாவது ஈரத்தோடு நடக்க வேண்டும். சனிக்கிழமை மாலை குளத்தில் முழுக்குப் போடவைத்து, அப்படியே வெளியே வந்து எல்லாவற்றையும் மாட்டச் சொல்லுங்கள். எந்தக் குழந்தைக்கு எது சிக்குகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

படி 6: சனிக்கிழமையில் செய்யக் கூடாதது

சென்னையிலிருந்து வருபவர்கள் வெள்ளி இரவு ரயிலேறினால் சனி அதிகாலை கும்பகோணத்தில் இறங்கலாம். ஊரைச் சுற்றிலும் கோயில்கள் இருப்பதால் பெரியவர்களுக்கு அன்றே எல்லாவற்றையும் பார்த்துவிடத் தோன்றும். முதல் ஆண்டு நண்பகலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நடந்ததில் இரண்டு குழந்தைகளுக்கு உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. கோயில்களை ஞாயிறு மாலைக்குத் தள்ளிவையுங்கள். சனி இரவு இட்லி அல்லது இடியாப்பம் கொடுத்து எட்டரைக்குப் படுக்கவைத்துவிடுங்கள், பரோட்டா வேண்டாம்.

படி 7: ஞாயிறு காலை

ஐந்தரைக்கு எழுப்பி ஆளுக்கு ஒரு பூவன் பழமும் கொஞ்சம் தண்ணீரும் கொடுங்கள். ஆறரைக்குத் தொடக்கம். அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் பெரிய பிரிவினரை முதலில் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்பி, முடிவில் அந்த இடைவெளியைக் கழித்துக்கொள்ளலாம். ஒருவர் குளத்துக்குள்ளும் ஒருவர் கரையிலுமாக, நீந்தத் தெரிந்த இரு பெரியவர்கள் வேறு எந்த வேலையும் இல்லாமல் குளத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படம் எடுப்பவர் இந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது.

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால்கள் தன்னுடையவை அல்லாததுபோலக் கனக்கும். இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால் குழந்தைகள் பயந்து நின்றுவிடுவார்கள். முதல் நூறு அடியைச் சிறுசிறு எட்டுகளாக வைக்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டு ஓட்டத்தை வறண்ட ஆற்று மணலில் வைத்தேன். படத்தில் அழகாக இருந்தது, ஆனால் பாதிப் பேர் நடந்துதான் வந்தார்கள். இப்போது கரையின் மேலுள்ள மண்பாதையில் ஓடுகிறார்கள். முடித்தவர்களுக்கு உப்புப் போட்ட மோர், அரை மணி கழித்து இட்லியும் கும்பகோணம் கடப்பாவும், பெரியவர்களுக்கு டிகிரி காபி.

வெயில் தணிந்தபின் தாராசுரம் செல்லுங்கள். ஐராவதேசுவரர் கோயில் 2004ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது என்பதெல்லாம் குழந்தைகளுக்கு ஏறவில்லை. தேர்வடிவில் அமைந்த இராசகம்பீரன் மண்டபத்தின் கல் சக்கரத்தைப் பார்த்ததும், அதன் சுற்றளவு எவ்வளவு என்று நாடாவால் அளக்க முனைந்தார்கள். சிற்பத்தைத் தொடக் கூடாது என்று தடுக்க வேண்டியிருந்தது.

பின்சேர்க்கை: இதை முன்பு படித்த இருவர் கேட்டவை. நீந்தத் தெரியாத குழந்தையை என்ன செய்வது என்பது முதலாவது. ஓட்டம், சைக்கிள், மறுபடியும் ஓட்டம் என்று வைத்துவிடுங்கள். டூயத்லான் என்ற பெயரில் அதுவும் முறையான போட்டிதான். மூக்குக்கண்ணாடி அணியும் குழந்தை அதை எங்கே வைப்பது என்பது இரண்டாவது. இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கவிழ்த்த ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியை அதன் கால்கள் விரிந்தபடி வைத்துவிட்டு, முதலில் கண்ணாடி, பிறகு ஹெல்மெட் என்ற வரிசையில் மாட்டும்படி பழக்கினோம். கண்ணாடி அணியும் பையன் ஈர ஒத்திகையில் இரண்டு முறை மாற்றி மாட்டினான், மூன்றாம் முறை சரியாக வந்தது.