குளிர்காலத்தில் ட்ரெய்லர் பற்றரியைக் கெடுக்கும் பழக்கங்கள்

ஒன்ராறியோவில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்ததும் முகாம் போகும் ட்ரெய்லர்களை மூடி வைக்கும் வேலை தொடங்கிவிடும். தண்ணீர்க் குழாய்களுக்குள் இளஞ்சிவப்பு அன்ரிஃப்ரீஸ் ஏறும். பிரிட்ஜ் கதவு மூடாதபடி ஒரு துணி செருகப்படும். எலி நுழையக்கூடிய ஓட்டைகளில் இரும்பு நூல் திணிக்கப்படும். பற்றரியின் முறை வரும்போது எல்லோருக்கும் களைத்துப்போயிருக்கும். முன்னால் இருக்கும் சுவிட்ச்சை ஓஃப் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மே மாதம் விக்டோரியா தின வார இறுதியில் ட்ரெய்லரை எடுக்கப் போனால் முன்பக்கத்தைத் தூக்கும் ஜாக் உயராது, வெளியே தள்ளி விரியும் ஸ்லைட் நகராது. பழி முழுவதும் குளிரின் தலையில் விழும்.

உண்மையில் முழு சார்ஜில் இருக்கும் ஈய அமிலப் பற்றரிக்கு எங்கள் ஊர்க் குளிர் பெரிய எதிரியே இல்லை. அதன் உள்ளே இருக்கும் அமிலக் கரைசல் மைனஸ் 50 பாகை செல்சியசுக்கும் கீழே போனால்தான் உறையும். அதே பற்றரி பாதி இறங்கியிருந்தால் மைனஸ் 20ஐத் தாண்டும்போது ஆபத்து தொடங்குகிறது. முழுவதும் இறங்கிவிட்டால் மைனஸ் 10ஐ எட்டுமுன்பே உறைந்துவிடக்கூடும். சார்ஜ் இறங்க இறங்க அமிலத்தின் சல்பேற் ஈயத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது, மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அந்தச் சல்பேற் வாரக்கணக்கில் தகட்டிலேயே கிடந்தால் கெட்டிப்பட்டு, பிறகு எந்தச் சார்ஜர் போட்டாலும் முழுவதும் கரையாது. ஆகவே குளிர்காலம் முழுவதும் செய்யவேண்டியது ஒன்றுதான்: பற்றரியை இறங்க விடாமல் பார்ப்பது. இனி வரும் தவறுகள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் அதைக் கோட்டைவிடுபவை.

சுவிட்ச் ஓஃப், அதனால் எல்லாம் ஓஃப்

அதிகம் பற்றரி போவது இதனால்தான். பல ட்ரெய்லர்களில் அந்தத் துண்டிப்புச் சுவிட்ச் விளக்கு, பம்ப், ஃபேன் ஆகியவற்றை மட்டும்தான் வெட்டும். புரொப்பேன் வாயு கசிந்தால் கத்தும் கருவியைப் பாதுகாப்புக்காகச் சுவிட்ச்சைத் தாண்டி நேரடியாகப் பற்றரியில் இணைத்திருப்பார்கள். சுவிட்ச்சை ஓஃப் பண்ணிவிட்டு உள்ளே போய்க் குனிந்து பாருங்கள். தரையை ஒட்டிய அந்தச் சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு இன்னும் எரிந்தால் விஷயம் விளங்கிவிடும். சில மாதிரிகளில் ரேடியோவின் நினைவகம், சோலார் கொன்ட்ரோலர், மின்சார ஜாக் என்று இன்னும் சில சேர்ந்திருக்கும்.

எல்லாம் சேர்த்து 100 மில்லி அம்பியர் என்று வையுங்கள். பார்க்க அற்பம். ஆனால் ஒரு நாளைக்கு 2.4 அம்பியர் மணி போகிறது. குரூப் 24 அளவுப் பற்றரி ஒன்று சுமார் 80 அம்பியர் மணி கொள்ளும். பதினாறு, பதினேழு நாளில் பாதி காலி, ஐந்து வாரத்துக்குள் முழுவதும் காலி. ஒக்ரோபர் நடுவில் நிறுத்தினால் நவம்பர் கடைசியில் அது வெறும் தண்ணீர்ப் பெட்டி. ஜனவரிக் குளிர் வந்து மிச்சத்தை முடித்து வைக்கும்.

மருந்து எளிது. நெகட்டிவ் வயரைப் பற்றரியிலிருந்தே கழற்றி விடுங்கள். புரொப்பேன் சிலிண்டர்களை மூடி, உள்ளே யாரும் படுக்காத காலத்தில் அந்தக் கருவி ஓய்வெடுத்தால் ஒன்றும் ஆகாது. வசந்தத்தில் திரும்ப இணைக்க மட்டும் மறக்கக்கூடாது.

இதோடு ட்ரெய்லரின் முன்பகுதியில் மெல்லிய கம்பிக் கயிறு தொங்கும் ஒரு சின்னப் பெட்டியையும் பாருங்கள். ஓடும்போது ட்ரெய்லர் வண்டியைவிட்டுக் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் சுவிட்ச் அது. அதன் ஊசி வெளியே வந்து கிடந்தால் பிரேக் காந்தங்கள் பற்றரியை உறிஞ்சத் தொடங்கும், சில மணி நேரத்திலேயே சோலி முடிந்துவிடும். "திருடாமல் இருக்க" என்று அந்த ஊசியை இழுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்! திருடன் வருமுன்பே பற்றரி போய்விடும், காந்தங்களும் சூடேறிக் கெடும்.

கறுப்பு வயர் நெகட்டிவ் என்று நினைப்பது

காரில் வேலை செய்து பழகிய கைக்கு இது ஒரு பொறி. காரில் சிவப்பு பொசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். பெரும்பாலான ட்ரெய்லர்களின் 12 வோல்ற் வயரிங்கிலோ கறுப்புத்தான் பொசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். பற்றரியைக் கழற்றிப் பேஸ்மென்ரில் வைத்துவிட்டு ஏப்ரலில் திரும்பப் பூட்டும்போது கை பழக்கதோஷத்தில் கறுப்பை நெகட்டிவில் வைத்துவிடும். ஒரு சின்னப் பொறி பறக்கும், அவ்வளவுதான். பிறகு பற்றரியில் எதுவும் வேலை செய்யாது. வெளி மின்சாரத்தை 12 வோல்ற்றாக மாற்றிப் பற்றரிக்கும் கொடுக்கும் கொன்வேர்ட்டரின் பலகையைத் திறந்தால் "தலைகீழ் இணைப்பு" என்று குறித்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஃபியூஸ்கள் எரிந்திருக்கும். அதோடு போனால் அதிர்ஷ்டம். பற்றரி செத்துவிட்டது என்று புதிதாக வாங்கி, அதையும் தலைகீழாகப் பூட்டினால் செலவு இரட்டிப்பு.

கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம். பொசிட்டிவ் வயர்களைச் சுற்றி ஒரு சிவப்பு ரேப். இரண்டு 6 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் போகும் குட்டை வயரும் படத்தில் விழவேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில்.

சார்ஜர் இருக்கிறது என்ற நிம்மதி

பார்க்கிலிருந்து வீடு வரும்வரை வண்டி சார்ஜ் பண்ணியிருக்கும் என்று நம்பி அப்படியே நிறுத்துபவர்கள் நிறையப் பேர். வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் 7 முள் பிளக் வழியாகப் பற்றரிக்குச் சார்ஜ் வரும், உண்மை. ஆனால் வயர் நீளம், மெல்லிசு. வழியிலேயே வோல்ற்றேஜ் விழுந்துவிடும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் பாதி இறங்கிய பற்றரி நிரம்பாது. நிறுத்துமுன் சரியான சார்ஜரில் ஒரு நாளாவது போடவேண்டும்.

எந்தச் சார்ஜர் என்பதில்தான் குழப்பம். பழைய வகை ட்ரிக்கிள் சார்ஜர் பற்றரி நிரம்பியதா என்று பார்க்காது, இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் அதில் கிடந்தால் தண்ணீர் வாயுவாகிப் போய், தகடுகள் வெளியே தெரியும். இப்போது விற்கும் மெயின்டெயினர் வகை நிரம்பியதும் 13.2 முதல் 13.6 வோல்ற் வரை இறங்கிக் காவல் காக்கும். மாதக்கணக்கில் விட்டுவைக்க ஏற்றது அதுதான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 1.5 அம்பியர் கொடுக்கும் குட்டி மெயின்டெயினரில் 40 அம்பியர் மணி குறைந்த பற்றரியைப் போட்டால் கணக்குப்படியே 27 மணி நேரம், நடைமுறையில் அதைவிட நன்றாகவே கூடும். முதலில் பெரிய சார்ஜரில் நிரப்பி, பிறகு இதனிடம் ஒப்படையுங்கள்.

ட்ரெய்லரோடு வரும் கொன்வேர்ட்டரே போதுமா? அது எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்தது. பழையவை எப்போதும் ஒரே 13.8 வோல்ற்றுக்குக் கிட்ட நிற்கும். குளிர்காலம் முழுவதும் செருகிவைத்தால் தண்ணீர் குறையும். பல நிலைக் கொன்வேர்ட்டர்கள் சும்மா கிடக்கும் காலத்தில் 13.2க்கு இறங்கிவிடும். புரோகிரசிவ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் சார்ஜ் விசார்ட் உள்ள மாதிரிகள் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் 14.4 வோல்ற்றுக்கு ஏறி இறங்கும். உள்ளே அமிலம் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்காமலும் சல்பேற் படியாமலும் இருக்க இந்த ஏற்பாடு. உங்களுடையது எது என்று அதன் லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டு முற்றத்தில் நிறுத்தி வெளிப்பக்கப் பிளக்கில் செருகியிருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. வெளிப் பிளக்குகள் பெரும்பாலும் மின்சாரம் கசிந்தால் தானாக வெட்டும் ஜிஎஃப்சிஐ வகை. பனி உருகி நீட்டிப்பு வயரின் மூட்டில் ஈரம் இறங்கினால் அது தட்டிவிடும். வீட்டுக்குள் இருப்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. சார்ஜ் ஆகிக்கொண்டிருப்பதாக நினைத்த பற்றரி, கழற்றாமல் விட்ட அந்த வாயுக் கருவியைச் சுமந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்குத் தெரியும்படி ட்ரெய்லருக்குள் ஒரு 120 வோல்ற் இரவு விளக்கைச் செருகி வையுங்கள். விளக்கு அணைந்தால் பிளக்கைப் போய்ப் பார்க்கலாம்.

அளக்கத் தெரியாமல் அளப்பது

சார்ஜரைக் கழற்றிய கையோடு மீற்றரை வைத்தால் 13 வோல்ற்றுக்கு மேல் காட்டும். அது மேற்பரப்புச் சார்ஜ், நம்ப வேண்டாம். ஒரு இரவு சும்மா விட்டு, எதுவும் இணைக்காமல் அளக்கவேண்டும். தண்ணீர் ஊற்றும் வகையில் 12.6, 12.7 வந்தால் நிறைவு. 12.4 என்றால் கால்வாசி போய்விட்டது, உடனே ஏற்றுங்கள். 12.2 பாதி. 12.0 வந்தால் கவலைப்படும் நேரம். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஏஜிஎம் வகை முழுதாக இருக்கும்போது இதைவிடச் சற்றுக் கூடுதலாக, 12.8 அளவில் நிற்கும்.

மூடி திறக்கக்கூடிய பற்றரி என்றால் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் பத்து, பதினைந்து டொலர் ஹைட்ரோமீற்றர் இன்னும் நேர்மையானது. பற்றரிக்குள் இருக்கும் அறை (செல்) ஒன்று நிரம்பியிருந்தால் 1.265 வரவேண்டும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் அந்த அறை போய்விட்டது. சார்ஜர் மாற்றிப் பயனில்லை. தண்ணீர் விடுவதானால் காய்ச்சி வடித்த நீர் மட்டும், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. முதலிலேயே விளிம்புவரை ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி அமிலம் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அதை மூடும் அளவுக்கு முதலில் கொஞ்சம் விடலாம்.

இணைப்பைக் கழற்றி முழு சார்ஜில் விட்ட பற்றரி குளிரில் மிக மெதுவாகத்தான் தானாக இறங்கும். சூடான பேஸ்மென்ரில் இருப்பதைவிட வெளியே அது குறைவு. ஆகவே மின்சாரம் இல்லாத சேமிப்பு முற்றத்தில் விட்டவர்கள் பதற வேண்டியதில்லை. நத்தார் விடுமுறையிலும் பெப்ரவரியிலும் ஒருமுறை மீற்றரோடு போய்ப் பார்த்தால் போதும். பேஸ்மென்ரில் வைத்திருந்தால் மாதம் ஒருமுறை ஏற்றுங்கள், காற்றோட்டமான இடத்தில். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், எரிவாயு உலை பக்கத்தில் இருக்கக்கூடாது. கொங்கிறீற் தரையில் வைத்தால் சார்ஜ் உறிஞ்சப்படும் என்ற கதையை இன்னும் சொல்கிறார்கள். பெட்டி மரத்திலும் ரப்பரிலும் செய்த காலத்துக் கதை அது. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்குப் பொருந்தாது.

கூரையில் சோலார் இருக்கிறதே

இருக்கிறது, ஒரு அடி பனிக்குக் கீழே. டிசம்பரில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, சூரியன் தாழ்வாகப் போகும், பலகையோ கூரையில் மட்டமாகப் படுத்திருக்கும். ட்ரெய்லருக்கு உறை போட்டிருந்தால் அதுவும் பூச்சியம். சோலார் வேண்டுமென்றால் சின்னப் பலகை ஒன்றை, கொன்ட்ரோலரோடு, தெற்குப் பார்க்கச் சரித்து வைப்பது மேல். "சோலார் ரெடி" என்ற ஸ்ரிக்கரைப் பார்த்து உள்ளே பலகை இருக்கிறது என்று நம்புவதும் நடக்கிறது. பெரும்பாலும் அது வயரும் பிளக்கும் மட்டும்தான். பற்றரியைக் கழற்றுவதானால் முதலில் பலகையின் இணைப்பைத் துண்டியுங்கள். பற்றரி இல்லாமல் பலகை மட்டும் இணைந்திருப்பது பல கொன்ட்ரோலர்களுக்கு ஆகாது.

லித்தியத்துக்கும் அதே வைத்தியம்

இப்போது பலர் லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரிக்கு மாறிவிட்டார்கள். அதற்கு இதுவரை சொன்னதில் பாதி தலைகீழ். முழு சார்ஜில் மாதக்கணக்கில் செருகி வைப்பது அதற்கு நல்லதல்ல. பாதிக்குச் சற்று மேலே வைத்து, இணைப்பைக் கழற்றிவிட்டால் குளிர்காலம் தாண்டும். பூச்சியம் பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றவே கூடாது. உலோக லித்தியம் உள்ளே நெகட்டிவ் முனையில் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். நல்ல பற்றரிகளில் உள்ளே இருக்கும் காவல் பலகை இதைத் தடுக்கும், சிலவற்றில் சூடாக்கும் வசதியும் உண்டு. மலிவானவற்றில் இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். தூக்குவதற்கும் அது இலகு, வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதே நல்லது.

உறைந்துபோன பற்றரியில் சார்ஜரை மாட்டுவது

ஏனைய தவறுகள் காசைத்தான் கரைக்கும், இது ஆளையே காயப்படுத்தும். ஜனவரியில் போய்ப் பார்க்கும்போது பக்கங்கள் வீங்கியிருந்தாலோ, மூடிக்குள் பனிக்கட்டி தெரிந்தாலோ, ஜம்பர் கேபிளையோ சார்ஜரையோ தொடவேண்டாம். உறைந்த பற்றரியில் மின்சாரம் ஏற்றினால் அது வெடிக்கக்கூடும், அமிலமும் சேர்ந்து தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஒரு பிளாஸ்ரிக் தட்டில் வைத்துக் கராஜில் முழுவதும் உருக விடுங்கள். உருகிய பின் வெடிப்போ கசிவோ வீக்கமோ இருந்தால் சோதித்துப் பார்க்க ஒன்றுமில்லை. புதியது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்துவிடுங்கள். விலையோடு சேர்த்து வாங்கிய கோர் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.