கட்டி கரைகிற வாரத்தில் வீட்டார் விடும் தவறுகள்

கீமோ ஏற்றிய மறுநாளே கழுத்துக் கட்டி பாதியாய் வற்றிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இருக்கட்டும். ஆனால் சில இரத்தப் புற்றுநோய்களில் உயிராபத்து தலைகாட்டுவதும் அதே நாட்களில்தான். மருந்து நன்றாக வேலை செய்வதாலேயே வருகிற சிக்கல் இது. டொக்டர்மார் ‘ரியூமர் லைசிஸ்’ என்பார்கள்.

புற்றுநோய்க் கலங்கள் கூட்டமாக உடையும்போது உள்ளே இருந்த பொட்டாசியமும் பொஸ்பேற்றும் ஒரேயடியாக இரத்தத்தில் கொட்டுகின்றன. கலங்களின் மரபுப்பொருள் யூரிக் அமிலமாகிறது. சிறுநீரகத்தால் சமாளிக்க முடியாத அளவுக்குப் போனால் அது அங்கேயே பளிங்காகப் படிந்து அடைத்துக்கொள்ளும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு குழம்பும், நின்றும் போகலாம். பொஸ்பேற் ஏற ஏறக் கல்சியம் இறங்கும். கை கால் இழுக்கும், வலிப்பும் வரலாம். பெரும்பாலும் கீமோ தொடங்கி 12 முதல் 72 மணித்தியாலத்துக்குள் இது நடக்கும். ஒரு வாரம் வரை கவனமாக இருக்க வேண்டும். பேர்கிற் லிம்போமா (வேகமாக வளரும் ஒரு நிணநீர்ப் புற்றுநோய்), வெள்ளணுக்கள் மிக அதிகமாக உள்ள லூக்கேமியா (வெள்ளணுப் புற்றுநோய்) போன்றவற்றில்தான் பயம் கூட. மார்பகப் புற்றுநோய்க்காரர் இதை வாசித்துவிட்டு நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அதில் இது அரிது.

மட்டக்களப்பில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. செவ்விளநீர், ஒரு சீப்பு வாழைப்பழம், தோடம்பழம். “தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னவங்கதானே” என்று இளநீரை வெட்டிக் கொடுப்பார்கள். தண்ணீர் தேவைதான், சிறுநீரகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கத்தான் வாட்டில் லீற்றர் கணக்கில் சேலைன் ஏற்றுகிறார்கள். அந்தச் சேலைனில்கூடப் பொட்டாசியம் சேர்க்காமல் பார்த்துக்கொள்வார்கள். இளநீரிலோ பொட்டாசியம் தாராளம். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பக்கற்றிலும் அது உண்டு. அந்த ஒரு வாரம் கொதித்தாறிய தண்ணீர் போதும். இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர் தண்ணீர் அளவையும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். இளநீர் எங்கேயும் ஓடிப்போகாது, டொக்டர் சரி என்றதும் குடிக்கலாம்.

அடுத்தது அலோபியூரினோல் குளிசை. “இது வாதத்துக்குக் குடுக்கிற குளிசையெல்லோ, எனக்கு மூட்டுவலி இல்லையே” என்று ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. யூரிக் அமிலம் புதிதாக உருவாவதைத் தடுக்கிற குளிசை அது. ஏற்கெனவே உருவானதைக் கரைக்காது. அதனால்தான் கீமோவுக்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். விட்டுவிட்டு மூன்றாம் நாள் சேர்த்து விழுங்கிப் பலனில்லை. உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். லூக்கேமியாவுக்குக் கொடுக்கிற மேர்கப்டோபியூரின் குளிசை எடுப்பவருக்கு, இதோடு சேரும்போது அந்தக் குளிசையின் அளவைக் குறைக்க வேண்டிவரும், கிளினிக் கொப்பியை மறைக்காமல் காட்டுங்கள். உருவான யூரிக் அமிலத்தை உடைக்க ரஸ்பியூரிகேஸ் என்ற ஊசி இருக்கிறது. ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் சிவப்பணுக்கள் உடைந்துபோகிற பரம்பரைக் குறைபாடு) உள்ளவருக்கு அது ஆகாது. குடும்பத்தில் யாருக்கும் அந்தக் குறைபாடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உடம்பு உளைவுக்கு டைக்குளோபெனாக், ஐபுபுரோபன் வேண்டாம். சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி.

எனக்கு அதிகம் கோபம் வருவது கீமோவுக்கு முன்பே நடக்கிற தவறில். கழுத்தில் கட்டி வந்தவருக்கு யாரோ பாமசியில் பிரெட்னிசொலோனோ டெக்சாமெதசோனோ, ஏதோவொரு ஸ்டீரொயிட் குளிசை வாங்கிக் கொடுக்கிறார்கள். கட்டி வற்றுகிறது, கைராசி என்று பெயர் வேறு. அது லிம்போமாவாக இருந்தால் இந்தக் குளிசையே கலங்களை உடைக்கப் போதும். கண்காணிப்பு இல்லை, சேலைன் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. போதாக்குறைக்கு, பிறகு கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கிற பயொப்சி எடுத்தாலும் என்ன நோய் என்று தெளிவாகப் பிடிபடாமல் போகலாம். பயொப்சிக்கு முன் டொக்டர் சொல்லாமல் ஸ்டீரொயிட் தொடக்கூடாது.

“குத்திக் குத்திக் கை வீங்குது, இன்றைக்கு இரத்தம் எடுக்க வேண்டாம் மிஸ்” என்பதும் அடிக்கடி கேட்பது. பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறினாலும் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கலாம். இரத்தமும் ஈசிஜியும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யக்கூடிய பெரிய வேலை சிறுநீரை அளப்பது. ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலின் மேற்பகுதியை வெட்டிவிட்டு, 100 மில்லிலீற்றருக்கு ஒரு கோடு போட்டு, நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். குடித்தது அதே அளவு இருக்க, போவது குறைந்தால் அது செய்தி. வாயைச் சுற்றி விறைப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, நெஞ்சுப் படபடப்பு, நிற்காத வாந்தி, மாறாட்டம், இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். “விடியட்டும், மறுகா பார்ப்பம்” என்று படுப்பதுதான் ஆளைக் கொண்டுபோகிறது. படுவான்கரைப் பக்கம் தூரத்தில் இருப்பவர்கள் முதல் வாரம் நகரத்தில் உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அவசரப் பிரிவில் “வாந்தி” என்று மட்டும் சொன்னால் வாந்திக்கான ஊசியோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும். “இன்ன திகதி கீமோ ஏற்றினது, இன்ன புற்றுநோய், இத்தனை மணியிலிருந்து சிறுநீர் குறைவு” என்று கொப்பியை நீட்டிச் சொல்லுங்கள்.