வீட்டுப் பையன் தீ கக்கும் பைப்போடு வந்து நின்றால்

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் தெருவில், குடமுருட்டிக் கரையோரம், டம்மென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் அக்கா மகன், பிளஸ் ஒன் படிக்கிறவன், பிளாஸ்டிக் பைப் ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு சிரிக்கிறான், பைப்பின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குத் தீ வந்து போயிருக்கிறது. வயலில் மயில் விரட்ட என்று யாரோ வாங்கி வந்த கார்பைடு துப்பாக்கியாம்.

எப்படிச் செய்வது என்று தேடி வந்திருந்தால், அது இங்கே இல்லை. அப்படி ஒன்றோடு வீட்டுப் பையன் எதிரே நிற்கும்போது நாம் என்ன செய்வது, அதுதான் இது.

முதலில் தெருவைப் பாருங்கள், பையனை அப்புறம் பார்க்கலாம். அன்றைக்கு எங்கள் தெருவில் நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து "இன்னொரு தடவைடா" என்றார்கள். எதிர்வீட்டு ஆயா வாய்க்கு வந்தபடி திட்டினாள், அவனுக்கு அதுவும் கைதட்டல் மாதிரிதான் கேட்டிருக்கும். மச்சான் முகத்தில் பாதி கோபம், பாதி பெருமை. வலங்கைமானில் பல வருஷம் வெடி கட்டிய பெரியவர் ஒருவர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் தென்னை மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வெடிமருந்தோடு பழகியவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நீங்களும் நில்லுங்கள். அக்கா என்ன செய்தாள் தெரியுமா, உள்ளே போய் இருக்கிற வாளி, குடம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வாசலில் வரிசையாக வைத்தாள்.

அவள் அப்படித்தான். 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கொட்டகையில் தீ பிடித்து 94 பிள்ளைகள் போன அன்றைக்கு அவள் அந்த ஊரில்தான் இருந்தாள். அதற்கு முன்னால் 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் எரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இதெல்லாம் பையன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, அவனுக்குத் தீ என்றால் ரீல்ஸ், நமக்கு அப்படியில்லை. இந்த இடைவெளி தெரியாமல் கத்தினால் பெரிசுகள் சும்மா பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

சரி, கையில் இருப்பதை எப்படி இறக்கி வைக்கச் சொல்வது. ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள், பிடுங்குகிற இழுப்பில் பைப்பின் வாய் யார் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. பக்கவாட்டில் வந்து, குரலை உயர்த்தாமல், "மாப்ளே, வாயை ஆத்துப் பக்கம் திருப்பி அப்படியே தரையில வை, வச்சிட்டு என்கிட்ட வா" என்றேன். வைத்தான். வேடிக்கை பார்த்தவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னதில்தான் பாதி வேலை முடிந்தது, பார்க்க ஆள் இல்லையென்றால் இந்த விளையாட்டு பத்து நிமிஷம் நிற்காது.

வெடிக்காமல் போன பைப்தான் ஆபத்தானது. 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில், போபால் பக்கம், ஏராளமான பிள்ளைகள் இந்தத் துப்பாக்கியால் கண்ணில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏன் வெடிக்கவில்லை என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தவர்கள் அதில் நிறையப் பேர். உள்ளே கார்பைடு கல்லும் தண்ணீரும் சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு வரும். சமையல் கேஸ் காற்றில் ஏறத்தாழ 2 முதல் 10 சதவீதம் இருந்தால்தான் பற்றும், அசிட்டிலீன் அப்படியில்லை, இரண்டரை சதவீதத்தில் தொடங்கி 80 வரைக்கும் பற்றும். அதனால் கேஸ் கம்மியாகத்தான் இருக்கும், போயிருக்கும் என்ற கணக்கெல்லாம் இங்கே எடுபடாது. எட்டிப் பார்க்காதீர்கள், குலுக்காதீர்கள், உள்ளே தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊற்றினால் இன்னும் வாயுதான் வரும். திறந்த வெளியில் அப்படியே விட்டுவிட்டு, பீடி சிகரெட் யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு, 101-க்கோ 112-க்கோ போன் போடுங்கள்.

மிச்சம் இருக்கும் கல்லை வாய்க்காலில் வீசிவிடலாம் என்று மச்சான் கிளம்பினார், நல்லவேளை தடுத்தேன். ஈரம் படாத மூடி போட்ட டப்பாவில் வைத்து கேஸ் வெல்டிங் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும், அவர்களுக்கு அது தினசரிப் பொருள். மாம்பழத்துக்கு வைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அதுவும் சட்டப்படி தடை.

பைப் இல்லாவிட்டால் சென்ட் ஸ்பிரே டப்பா, பீய்ச்சுகிற வாசனையில் தீ வைத்து விளையாடுவார்கள். பெரும்பாலான ஸ்பிரே டப்பாக்களில் வாசனையைத் தள்ளி வெளியே கொண்டுவருவது பியூட்டேன், புரோப்பேன், அதாவது நம் சிலிண்டரில் இருக்கும் அதே சமாச்சாரம். 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள். தீ முன்னால் மட்டும் போகிற வரைக்கும் ஹீரோதான். டப்பாவைக் கொஞ்சம் சாய்த்ததும் எரிகிற திரவம் விரலில் சொட்டும், பயந்து கையை உதறினால் பக்கத்தில் நிற்பவன் மேல் போகும். மண்ணெண்ணெயை வாயில் வைத்து ஊதுகிற திருவிழா வித்தையும் இதே ரகம்தான். ஒரு மடக்கு நெஞ்சுக்குள் இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். அந்த நேரத்தில் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் இன்னும் கெட்டது, நேராக ஆஸ்பத்திரிதான்.

இவ்வளவும் சொன்னால் பையன் பதில் வைத்திருப்பான். "ஈலான் மஸ்க்கே வித்தாரு மாமா" என்றான். உண்மைதான், 2018-ல் அவருடைய போரிங் கம்பெனி 500 டாலருக்குத் தீ கக்கும் கருவி ஒன்றை விற்றது, 20,000 உருப்படி சில நாளிலேயே தீர்ந்துபோனது, 'இது தீ கக்கும் கருவி அல்ல' என்று அதற்குப் பெயர் வேறு. ஆனால் உள்ளே இருந்தது கூரை வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் கேஸ் டார்ச் போன்ற ஒன்று, வால்வும் சிலிண்டரும் தொழிற்சாலையில் சோதித்து வந்தவை. உன் பைப் யாரிடம் சோதனைக்குப் போனது என்று கேட்டேன், அதற்கு மட்டும் பதில் வரவில்லை. போலீஸ் பேச்சை எடுப்பதென்றால் கடைசியில் எடுங்கள்: நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரவைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 287-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

பட்டுவிட்டால்? உடம்பில் தீ பிடித்தவனை ஓட விடாதீர்கள், தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள். அப்புறம் குழாயடிக்கோ பம்புசெட்டுக்கோ கூட்டிப்போய் 20 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள், கடிகாரம் பார்த்து 20 நிமிஷம், ஏனென்றால் இரண்டு நிமிஷத்திலேயே எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். மோதிரம், அரைஞாண், கைக்கயிறு வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய நைலான் சட்டையைப் பிய்க்கக் கூடாது. பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான வேட்டித் துணியால் லேசாக மூடி 108.

கண் என்றால் இன்னும் அவசரம். கார்பைடு ஈரம்பட்டு மிஞ்சுவது சுண்ணாம்பு, வெற்றிலைக்குத் தடவுகிறோமே அதே சுண்ணாம்பு. ஆசிட்டைவிட இந்தக் காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். தேய்க்க விடாமல், இமையை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிஷம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், வண்டியில் போகும்போதும் ஊற்றுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

இதோடு விட்டால் பையன் அடுத்த வாரம் வேறொன்றோடு வருவான். நெருப்பு மேல் உள்ள ஆசையை அடக்கச் சொல்வதைவிட அதற்கு நாம் ஒரு வழி காட்டுவது நல்லது, அதனால் நான் அவனுக்கு மாவலி கட்டக் கற்றுக்கொடுத்தேன். கார்த்திகைக்கு ஊரில் சுற்றுவார்களே, அதேதான். ஆண் பனையின் காய்ந்த பூவைக் குழியில் போட்டு எரித்து, கனிந்ததும் மண் போட்டு மூடி, ஆறினபின் எடுத்து நன்றாகப் பொடி பண்ண வேண்டும். அந்தக் கரியைப் பழைய பருத்தித் துணியில் இறுக்கிச் சுருட்டிக் கட்டி, மூன்றாகப் பிளந்த பனை மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, நாலைந்து முழக் கயிற்றில் தொங்கவிட்டு, முனையில் கங்கு வைத்துச் சுற்றினால் பொன்பொறி வட்டம் வட்டமாகப் பறக்கும். டப்பா இல்லை, கேஸ் இல்லை, அழுத்தம் இல்லை, வெடிக்க ஒன்றும் இல்லை. பொறி பொறிதான் என்பதால் வைக்கோல் போருக்கும் கீற்றுக் கொட்டகைக்கும் கிட்டே வேண்டாம், பருத்திச் சட்டை போடட்டும், கயிற்று நீளத்தைப் போல மூன்று மடங்கு தள்ளித்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும். முடிந்ததும் மட்டையோடு தண்ணீரில் முக்கிவிடுங்கள், ஓரமாக வைத்தால் உள்ளுக்குள் கனன்றுகொண்டே கிடக்கும்.

பனை எங்கள் பக்கம் குறைவு, வேதாரண்யம் பக்கமிருந்து ஒருவர் மூலம் வரவழைத்தேன். பூவைக் கோடையிலேயே பொறுக்கிக் காயவைத்து எடுத்துவையுங்கள். ஐப்பசி அடைமழையில் நனைந்ததை நாங்கள் சுட்டுப் பார்த்தோம், கொல்லை முழுக்கப் புகை, கண் எரிந்ததுதான் மிச்சம். அக்கா அதற்கும் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள்.