மடிக்கணினியில் வைஃபை வேலை செய்யவில்லையா? எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

வைஃபை நின்றுபோனதும் நம்மில் பலர் ரூட்டரை அணைத்துப் போடுகிறோம், மடிக்கணினியை மறுதொடக்கம் செய்கிறோம், யாரோ சொன்னார்கள் என்று எதையோ நிறுவுகிறோம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுவதால், இணைப்பு திரும்ப வந்தாலும் எதனால் வந்தது என்பது தெரிவதில்லை. அடுத்த வாரம் அதே தொல்லை வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. உண்மையில் பார்க்க வேண்டிய கண்ணிகள் மூன்றுதான்: மடிக்கணினிக்கும் ரூட்டருக்கும் இடையிலான வானலை, ரூட்டரிலிருந்து இணைய நிறுவனத்துக்குச் செல்லும் கம்பி, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவை. கீழே உள்ள படிகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 மடிக்கணினிகளுக்கானவை.

படி 1: கைபேசியைச் சாட்சிக்கு அழையுங்கள்

கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் இணைத்து ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் திறக்கவில்லை என்றால் மடிக்கணினியின்மேல் பழி இல்லை. ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில், பெட்டியின் மீது எல்ஓஎஸ் என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால், கண்ணாடி இழை வழியாக வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அந்த மெல்லிய கம்பி எங்காவது மடங்கியோ இழுபட்டோ இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர நாம் செய்யக்கூடியது அதிகம் இல்லை. இணைப்பு தரும் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவதே நல்லது. விளக்குகள் வழக்கம்போல இருந்தால் பெட்டியை அணைத்து, அரை நிமிடம் விட்டு மீண்டும் போட்டு, விளக்குகள் நிலைகொள்ளும் வரை காத்திருங்கள்.

படி 2: வைஃபை பட்டியலே வரவில்லை என்றால்

கைபேசியில் இணையம் ஓடுகிறது, மடிக்கணினியில் மட்டும் பெயர்ப் பட்டியலே தெரியவில்லை என்றால், முதலில் ஏரோபிளேன் மோட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானப் படம் போட்ட விசை கைதவறி அழுந்துவது சாதாரணமாக நடக்கும். சில பழைய மடிக்கணினிகளின் ஓரத்தில் இதற்கென்றே ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும்.

அடுத்து, மறுதொடக்கம் செய்யுங்கள். ஷட் டவுன் கொடுத்து மீண்டும் போடுவது மறுதொடக்கம் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினிகளில், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள்நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே எடுத்துப் பயன்படுத்தும். பழுதும் அதனுடனேயே திரும்பி வரக்கூடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால், ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பை விரியுங்கள். வைஃபை அட்டையின் மீது கீழ்நோக்கிய அம்பு இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. வலச்சொடுக்கி எனேபிள் கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால், அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரில் கோளாறு. அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் டிரைவரை மீண்டும் நிறுவிக்கொள்ளும். அப்போது டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்துவிடாதீர்கள். புதிய டிரைவரைத் தரவிறக்க இணையம் வேண்டுமே என்று கலங்க வேண்டாம். கைபேசியை சார்ஜர் கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், வைஃபை இல்லாமலேயே இணையம் வந்துவிடும்.

படி 3: அண்டை வீட்டு வைஃபை தெரிகிறது, நம்முடையது தெரியவில்லை என்றால்

பழைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள அட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தால், பக்கத்திலேயே வைத்தாலும் அதன் பெயர் தெரியாது. இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. இந்தியாவில் 2.4 அலைவரிசையில் 13 சேனல்கள், அதாவது உட்பிரிவுகள், வரை பயன்படுத்தலாம்; அமெரிக்கச் சந்தைக்கான மடிக்கணினிகள் பெரும்பாலும் 11 வரைதான் பார்க்கும். உறவினர் அங்கிருந்து வாங்கிவந்த மடிக்கணினியில் மட்டும் வீட்டு வைஃபை ஒருநாள் தெரிவதும் மறுநாள் மறைவதுமாக இருந்தால், ரூட்டர் தானாகவே 12 அல்லது 13ஆம் சேனலுக்குத் தாவியிருக்க வாய்ப்பு உண்டு. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக நிலைநிறுத்திவிடுங்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் இவை மூன்றும்.

பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தால், செட்டிங்ஸில் மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் பகுதிக்குப் போய் அந்தப் பெயருக்கு ஃபர்கெட் கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். ரூட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் இயங்கினால் பழைய மடிக்கணினி சேராது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 4: இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை என்றால்

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ் என்ற வரிசையில் சென்று, ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் முகவரி எதுவும் தராததால் மடிக்கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மாறவில்லை என்றால் ரூட்டரையும்.

முகவரி 192.168 போல வழக்கமானதாக இருந்தால், விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, திறக்கும் கறுப்புத் திரையில் பிங் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். ரிப்ளை என்று நான்கு வரிகள் வந்தும் உலாவியில் தளங்கள் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் மூன்றாவது கண்ணியான டிஎன்எஸ்தான் அறுந்திருக்கும். விண்டோஸ் 11இல் அதே ஹார்டுவேர் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் டிஎன்எஸ் அமைப்பை மேனுவல் ஆக்கி, கூகுளின் டிஎன்எஸ் முகவரிகளான 8.8.8.8, 8.8.4.4 ஆகியவற்றை இடுங்கள். கணினியின் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி எல்லாத் தளங்களையும் மறுத்துவிடும்.

படி 5: அடிக்கடி அறுந்து அறுந்து வந்தால்

எனக்கு மிகுந்த தலைவலி கொடுத்தது இந்த வகைதான். பல நாள் மாலையில் மட்டும் என் மடிக்கணினியில் வைஃபை அறுந்துகொண்டே இருந்தது. கைபேசியில் ஒரு குறையும் இல்லை. ரூட்டரை இடம் மாற்றினேன், டிரைவரைப் புதுப்பித்தேன், பயனில்லை. ஒருநாள் படங்களைப் பிரதியெடுத்து முடித்து வெளிப்புற ஹார்டு டிஸ்கைக் கழற்றிய நொடியில் வைஃபையின் வில்கள் மூன்றும் நிமிர்ந்து நின்றன. திரும்பச் செருகினேன், ஒன்றாகக் குறைந்தது. இத்தகைய டிஸ்குகளை இணைக்கும் யூஎஸ்பி 3.0 இயங்கும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலும் பரவும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒரு நீட்டிப்புக் கம்பி வாங்கி டிஸ்கைத் தள்ளி வைத்தேன். வைஃபையையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அதன்பின் தொல்லை இல்லை. மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில்தான் இயங்குகிறது என்பதால், ரூட்டரைச் சமையலறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இந்த இரைச்சல் குறைவு; ஆனால் சுவர்களைத் தாண்டும் வலுவும் குறைவு.

மின்சாரத்தைச் சேமிக்க விண்டோஸே வைஃபை அட்டையை உறங்க வைப்பதும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் அந்த அட்டையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் தாவலில் முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய மடிக்கணினிகளில் அந்தத் தாவலே இருக்காது.

இவற்றில் எதற்கும் மசியாவிட்டால் மட்டுமே நெட்வொர்க் ரீசெட் கொடுங்கள். சேமித்து வைத்த எல்லா வைஃபை கடவுச்சொற்களும் அதில் அழிந்துவிடும். அலுவலக விபிஎன் இருந்தால் அதையும் மறுபடி அமைக்க நேரலாம். எனவே தேவையானவற்றை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின்னும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டை தோன்றவே இல்லை என்றால் அட்டையே பழுதாகியிருக்கலாம். பழுதுபார்க்கக் கொடுக்கும் முன், யூஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள்.