நழுவி ஓடும் எதிராளியை ரிங்கில் மடக்குவது எப்படி?

பாக்ஸிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள், கால் ஓரிடத்தில் நிற்காத ஆள் எதிரே வந்தால் செய்கிற முதல் தப்பு அவர் பின்னாலேயே போவதுதான். அவர் போன இடத்துக்கு நீங்கள் போய்ச் சேரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார், மூச்சு வாங்குவது உங்களுக்குத்தான்.

முதலில் நடுவைப் பிடியுங்கள். அமெச்சூர் ரிங் கயிற்றுக்கு உள்ளே பக்கத்துக்கு 6.1 மீட்டர்தான். எதிராளி கயிற்றோரமாகச் சுற்றி வர நாலைந்து எட்டு வைக்கவேண்டிய இடத்தை, நடுவில் நிற்கிற நீங்கள் ஓர் எட்டில் அடைத்துவிடலாம்.

அடுத்தது பக்கவாட்டு எட்டு. இதற்கு மட்டும் நிறைய நாள் செலவழியுங்கள். உங்கள் இடப்பக்கம் அவர் நழுவினால் இடது கால் முதலில், வலப்பக்கம் என்றால் வலது கால் முதலில், கால்கள் ஒருபோதும் குறுக்கே போகக் கூடாது. பழக ஒரு நல்ல வழி: இருவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், குத்தே கிடையாது, ஒருவர் தப்ப வேண்டும், மற்றவர் மூலைக்குத் தள்ள வேண்டும், மூன்று நிமிடம். கபடியில் ரெய்டரை நடுக்கோட்டுக்குத் திரும்பவிடாமல் வழிமறிக்கிற சங்கிலியைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் புத்திதான் இங்கேயும்.

அப்புறம் வழியை அடைக்கிற குத்து. உங்கள் இடப்பக்கம் ஓடுகிறவருக்கு இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்துப் போடுகிற குத்து), வலப்பக்கம் ஓடுகிறவருக்கு வலது கை. தலையைத் தேடாதீர்கள், அதுதான் எப்போதும் அசைந்துகொண்டிருக்கிறது. விலாவையும் வயிற்றையும் அவ்வளவு சுலபமாக ஒளித்துவைக்க முடியாது, அங்கே வாங்குகிற அடி சில ரவுண்டு கழித்துக் காலில் தெரியும். 1971 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோ ஃப்ரேசியர் முகமது அலியை நெருங்கியது இப்படித்தான்: குனிந்து, தலையை ஆட்டிக்கொண்டே, முன்னால் இருக்கிற கையை நேராக நீட்டிப் போடுகிற ஜேப்புக்கு அடியில் நுழைந்து, உடம்பில் அடித்து. கடைசி 15வது ரவுண்டில் இடது ஹூக்கில் அலி கீழே விழுந்தார். இந்தக் குனிதலைப் பழக, ஜிம்மில் நெஞ்சு உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி அதன் இரண்டு பக்கமும் மாறி மாறி முழங்காலை மடக்கி நுழைந்து வாருங்கள். இடுப்பை மட்டும் வளைத்தால், கீழிருந்து மேலே வருகிற அப்பர்கட்டுக்கு முகத்தை நீங்களே நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

கெட்டிக்காரப் பயிற்சியாளர் எதிராளியின் பழக்கத்தையும் படிப்பார். எடி ஃபட்ச் அப்படிப்பட்டவர். அலி ஜேப் போடும்போது நீயும் போடு என்று தன்னிடம் பயின்ற பாக்ஸர் கென் நார்ட்டனுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1973இல் சான் டியேகோவில் அலியின் தாடை உடைந்து, நார்ட்டன் ஜெயித்தார்.

கடைசியாக ஸ்பாரிங், அதாவது பயிற்சிக்காக இன்னொருவரோடு மோதிப் பார்ப்பது. உங்களைவிட எடை குறைந்த, கால் வேகமான ஆளைத் தேடிப் பிடித்து, மெதுவான குத்துகளோடு ஆடுங்கள். மூலையில் மாட்டியதும் ஆசைப்பட்டுப் பாயாதீர்கள், பாய்ந்தால் கைக்கு அடியில் வழுக்கிப் போய்விடுவார். கை எட்டுகிற தூரத்தில் நின்று விலாவில் இரண்டு குத்து, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து அந்தப் பக்கம் ஓர் எட்டு. தப்பிவிட்டாரா? சரி, துரத்தாமல் திரும்ப நடுவுக்கு வாருங்கள்.